குளத்தில் மீன் வளர்ப்போர், படகு மீனவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2022

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ‘வந்திருக்கும்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். போன பொதுக்குழுவில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, பிறகு அதே காலி நாற்காலிகளை வைத்துக்கொண்டுதான் நடத்தினோம்.

முதலில் வழக்கமானவை. செயற்குழு ஆறு முறை கூடியது. வலை பழுதுபார்க்கும் பயிற்சி ஒன்றும் நீர்ப் பரிசோதனைப் பயிற்சி ஒன்றும் நடந்தன. சிறு அளவிலான மீன்பிடிப்புக்கும் மீன் வளர்ப்புக்குமான சர்வதேச ஆண்டாக 2022-ஐ ஐ.நா. அறிவித்திருந்ததால், அதை ஒட்டி ஒரு கூட்டம் போட்டோம். பேனர் நன்றாக இருந்தது.

இனி, யார் எந்த வாரம் மீன் பிடிப்பது என்று முறை போட நாம் வைத்திருக்கும் கூட்டு அறுவடை நோட்டைப் பற்றி. இதைச் செயலாளரின் சொந்த வேலை என்று சிலர் சொல்வது என் காதுக்கும் வந்தது. அதனால் இது ஏன் வந்தது என்பதை விவரமாகவே பதிவு செய்கிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் உணவகங்கள் மூடின, வண்டிகள் நின்றன, வாங்குகிறவர்கள் போனை எடுக்கவில்லை. படகுக்காரர்கள் படகைக் கட்டிப்போட்டார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடல் மீனுக்கு யாரும் தீவனம் போட வேண்டியதில்லை. குளத்து மீனுக்கு ஊரடங்கு தெரியாது. பிடிக்கும் அளவைத் தாண்டிய பிறகும் அது தின்றுகொண்டேதான் இருந்தது. குளத்தில் மொத்த எடை ஏறினால் ஆக்சிஜன் தேவையும் கழிவும் சேர்ந்தே ஏறும். பெரிய மீன், போடுகிற தீவனத்துக்கு ஏற்ற எடையும் கூடாது. விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நம்மில் பலர் அப்போது இருந்தோம்.

அந்த ஜூனில் பெய்ஜிங் மொத்தச் சந்தை ஒன்றில், சால்மன் வெட்டிய பலகையில் வைரஸ் தென்பட்டதாகச் செய்தி வந்தது. மீனை வைரஸ் தொற்றாது என்று வல்லுநர்கள் விளக்கம் சொன்னார்கள். செய்தி போன தூரத்துக்கு விளக்கம் போகவில்லை.

அப்புறம் சந்தை திறந்தது. நாம் செய்த பிழை அங்கேதான். எல்லாரும் ஒரே வாரத்தில் இழுவலையைப் போட்டோம். படகுகளும் அதே வாரத்தில் நிறைந்து வந்தன. ஐஸ் போதவில்லை. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கை நாம் எல்லாருமே அறிவோம். அன்று கால் பங்குகூட இல்லை. ஏலம் எந்தத் தொகையில் முடிந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. விற்றவர்களுக்குத் தெரியும்.

படகு உறுப்பினர்கள் சிலர், இரண்டு வருடம் சும்மா கிடந்த கடலில் மீன் நிறைந்திருக்கும், இனி கவலையில்லை என்றார்கள். இரண்டு உலகப் போர்களின்போதும் ஐரோப்பாவின் வட கடலில் மீன்பிடிப்பு பெருமளவு நின்றது. போர் முடிந்ததும் வலைகள் நிறைந்தன. எல்லாப் படகும் ஒன்றாகத் திரும்பியதும் சில வருடங்களிலேயே பழையபடி சரிந்தது. அத்தனை நீண்ட ஓய்வுக்கே அந்தக் கதி.

ஆகவே நோட்டு. குஞ்சு விட்ட தேதி, எண்ணிக்கை, மாதம் ஒருமுறை வீச்சுவலையில் பிடித்து நிறுத்துப் பார்த்த சராசரி எடை, அறுவடை செய்ய நினைக்கும் வாரம் ஆகியவற்றைக் குளத்துக்காரர்கள் எழுத வேண்டும். படகுக்காரர்கள் எந்த மீனின் பருவம் எப்போது என்று எழுத வேண்டும். இவ்வளவுதான். இதை வைத்து முறை போட்டோம். ஒருவர் பிடிக்கும் வாரத்தில் இன்னொருவர் தீவனத்தைக் குறைத்துக் காத்திருப்பார். அளவோடு குறைத்து மீண்டும் முழுத் தீவனம் கொடுத்தால், மீன் விட்ட வளர்ச்சியைப் பெரும்பாலும் பிடித்துவிடும்.

மொத்தம் 63 குளங்கள். நோட்டில் இருப்பவை 41. மீதி 22 குளங்களின் உரிமையாளர்கள், ‘என் குளத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று செயலாளருக்கு எதற்கு?’ என்று கேட்டார்கள். சரி, நியாயமான கேள்விதான். பதில் சொல்ல மூன்று முறை கூட்டம் வைத்தேன். கேட்டவர்கள் மூன்றுக்கும் வரவில்லை.

விலை ஏறியது என்று நான் பொய் சொல்லமாட்டேன். முறை போட்ட வாரங்களில் விழவில்லை, அவ்வளவே. அக்டோபரில் ஒரே நாளில் இரண்டு பெரிய அறுவடைகள் மோதியதற்கு நான் ஒரு வரியை மாற்றி எழுதியதே காரணம். ஒத்துக்கொள்கிறேன். அன்று எனக்குக் காய்ச்சல் என்பதையும் பதிவு செய்கிறேன்.

எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. தொடர்ந்து நாலு நாள் மேகமூட்டம். வெயில் இல்லாவிட்டால் பாசி பகலில் போதிய ஆக்சிஜனைத் தராது, இரவில் எல்லாமே சேர்ந்து இருப்பதை இழுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்புதான் ஆபத்தான நேரம். ஒரு உறுப்பினர் அதிகாலை நாலு மணிக்குப் போன் செய்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. சங்கத்தின் ஆக்சிஜன் மீட்டரைப் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தொடவில்லை; 5 இருக்க வேண்டும். யார் குளம் காலியாக இருக்கிறது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் யாரிடம் சும்மா கிடக்கிறது என்று நோட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் மூன்று ஏரேட்டர்கள் போய்ச் சேர்ந்தன. குளம் பிழைத்தது. அந்த உறுப்பினரின் இரண்டு வருடச் சந்தா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

தீவனம்: உக்ரைன் போருக்குப் பிறகு கோதுமையும் எரிபொருளும் ஏறியதில் தீவன விலையும் படகு டீசலும் சேர்ந்தே ஏறின. கூட்டாக வாங்கலாம் என்று தீர்மானம் போட்டோம். முன்பணம் கட்டியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு எந்த ஆலையும் விலை குறைக்காது.

கணக்கு: பொருளாளர் விவரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழ சமம். ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைத் தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். ஆக்சிஜன் மீட்டர் வாங்கியதில் செயலாளர் கைப்பணமும் கொஞ்சம் உண்டு. அதைத் திருப்பிக் கேட்கவில்லை, குறிப்பிடுகிறேன்.

நன்றி: தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் தந்தவர், நாற்காலி தந்தவர் அனைவருக்கும். அந்த அதிகாலையில் ஏரேட்டரைக் கழற்றிக் கொடுத்த மூவருக்குத் தனியாக.

அடுத்த வருடம் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். மீட்டரின் சென்சார் தேய்ந்துவிட்டது. புதிது போடாவிட்டால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. அதிகாலை நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டும் பயனில்லை. நோட்டு நிறைந்துவிட்டது, அடுத்தது வாங்க வேண்டும். அதை எழுதுகிறவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் பதவிக்காலம் மார்ச்சில் முடிகிறது. யாராவது முன்வந்தால் கையெழுத்து போட்டு ஒப்படைத்துவிடுவேன்.

சந்தா நிலுவைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி செயற்குழு தீர்மானித்தது. இன்னும் ஒட்டவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் இங்கேதான் இருப்பேன்.