சாமையின் நிறம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடைப் பை, பக்கத்தில் இரண்டு கிண்ணம். ஒன்றில் போன மாதச் சாமை, மற்றதில் இந்த மாதச் சாமை. நிறம் வேறு. கீழே ‘கலப்படம்’ என்று ஒரே சொல்.

கல் கிடந்தது என்று எழுதியிருந்தால் பேசாமல் ஒத்துக்கொண்டிருப்பேன். புடைத்துக் கொடுத்த அக்கா வேலையை விட்டு நின்றதிலிருந்து அந்தக் குறை இருக்கிறது; கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். கலப்படம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கொல்லிமலையிலிருந்து நாங்கள் வாங்குவது ஒரே சாமை இல்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை என்று அங்குள்ள மலையாளிப் பழங்குடி விவசாயிகளிடம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒன்று சீக்கிரம் கதிர் சாயும், இன்னொன்று இழுத்தடிக்கும். இந்த மூட்டை ஓர் ஊர், அடுத்தது வேறு ஊர். தவிட்டோடு விற்பதால் வித்தியாசம் அப்படியே கண்ணில் படுகிறது. வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அது வேண்டாம் என்றுதானே நம் கடைக்கு வந்தீர்கள்?

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மரவள்ளி போட்டால் கையில் காசு. சாமையோ உரலில் குத்தியே தோள் இற்றுப்போகும். மலையில் சாமைக் காடு சுருங்கியது இப்படித்தான். 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து விதை வங்கி, தோல் நீக்கும் இயந்திரம் என்று இறங்கி வேலை செய்தது. வங்கியில் விதை வாங்கியவர் அறுப்பு முடிந்ததும் கொஞ்சம் கூட்டியே திருப்பி அளக்கிறார். எல்லாரும் ஒரே ரகம் கேட்டால் மற்ற ரகங்களை யார் விதைப்பார்கள், சொல்லுங்கள்.

ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேரைக் காணோம். நீங்கள் அதற்கு முன்பே வந்தவர்கள், இன்றும் வருகிறீர்கள். இந்தப் படத்தை எனக்கு அனுப்பி, “அண்ணே, நாங்க நம்பல” என்றவர்களும் நீங்கள்தான். மறக்க மாட்டேன்.

இனி ஒவ்வொரு பையிலும் எந்தச் சாமை, எந்த ஊர் என்று கையால் எழுதி ஒட்டுகிறோம். அரைக் கிலோ பை 450 கிராம் ஆகிறது, விலை பழையதே. தவிட்டோடு இருப்பதால் வாங்கியதைச் சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.

படம் போட்டவரும் ஒருநாள் கடைக்கு வரட்டும். இரண்டு கிண்ணத்தையும் தனித்தனியாகப் பொங்கி வைக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் கடைக்காரர்