எஃப்.ஆர். ஒயரும் எங்கள் எடை அறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீத்தொண்டு வாரத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், வீட்டுக்கு ஒயர் வாங்கும்போது எஃப்.ஆர். (தீ பரவாமல் தடுக்கும் வகை) என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல அறிவுரை. நாலு காசு கூடப் போனாலும் அப்படித்தான் வாங்க வேண்டும். அந்த ஒயரின் மேல் உருக்கி உறையாக ஏற்றும் பி.வி.சி. பிளாஸ்டிக் கலவை தயாரிக்கும் சிறு யூனிட் ஒன்றில், அம்பத்தூர் எஸ்டேட்டில், 17 வருடம் எடை போட்டவள் நான். எஃப்.ஆர். என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பவுடரைப் பற்றி வாங்குகிறவர்களுக்கும் தெரிய வேண்டும், அதைவிட முக்கியமாக அள்ளிப் போடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதன் பெயர் ஆன்டிமணி ட்ரை ஆக்சைடு. எங்களுக்கு அது வெறும் எஃப்.ஆர். பவுடர். 100 கிலோ பி.வி.சி.க்கு மூன்றிலிருந்து ஐந்து கிலோ போடுவோம். ஒயர் சூடேறித் தீப்பற்றும் நிலை வந்தால், பி.வி.சி.யில் இருக்கும் குளோரினும் இந்த ஆன்டிமணியும் சேர்ந்து ஆவியாகி, சுவாலை மேலே மேலே பரவாமல் அறுத்துவிடும். எத்தனையோ வீட்டில் சுவருக்குள் ஓடும் ஒயர் எரிந்து ஊரைக் கூட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். கலந்து, உருக்கி, உறையாக ஏறிவிட்ட பிறகு அது பிளாஸ்டிக்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது. எனவே ஒயர் வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். கெடுதல் அது பவுடராக இருக்கும்போதுதான், காற்றில் ஏறும்போதுதான்.

கோலமாவைவிட, முகப் பவுடரைவிட மிருதுவானது. 25 கிலோ பை பார்ப்பதற்குச் சிறியதாக இருக்கும், புதுப் பையன்கள் ஒரு கையால் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவு கனமான பொருளாக இருந்தும், அதன் துகள் ஒரு மைக்ரான் அளவுக்கு நுண்ணியது என்பதால் பறக்கும். பையின் வாயைக் கத்தியால் கீறும்போது கொஞ்சம் எழும்பும். கரண்டியால் அள்ளித் தராசில் கொட்டும்போது இன்னும் கொஞ்சம். ஆனால் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. காலியான பையை மார்போடு அணைத்து மடித்து, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றுவோமே, அந்த ஒரு நொடியில் பையின் வாயிலிருந்து புஸ்ஸென்று நேராக மூஞ்சிக்கு வரும். ஒரு ஷிப்டில் இருபது தடவை அதைச் செய்திருப்பேன். கண் இமை மயிரில் வெள்ளை ஒட்டியிருக்கும். சிரித்துக்கொண்டே துடைத்துக்கொள்வோம்.

காலிப் பைகள் உறுதியானவை. உதறி, வீட்டுக்கு எடுத்துப் போவோம். நானும் போயிருக்கிறேன். மொட்டைமாடியில் அந்தப் பையைப் பிரித்து விரித்து அதன்மேல் வடாம் பிழிந்து காயவைத்தேன், இரண்டு கோடைக்கு. இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

ஒவ்வொரு சித்திரையிலும் எனக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் முன்கையிலும் சிவப்புச் சிவப்பாகக் குருக்கள் வரும், சிலது சீழ் கோக்கும். டாக்டர் வேர்க்குரு என்றார், தடவ மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, சென்னை வெயிலில் யாருக்குத்தான் வேர்க்குரு வராது? ஆனால் ஒரு வருடம் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவாசிப் பக்கம் போய்ப் பத்து நாள் இருந்தேன். அங்கேயும் அதே வெயில்தான். மருந்தே போடாமல் குரு அடங்கிவிட்டது. திரும்பி வந்து வேலையில் சேர்ந்த ஒரே வாரத்தில் மறுபடி கிளம்பியது. எடை அறையில் என்னோடு இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே. கலவையை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் பக்கம், இன்னும் அதிகச் சூட்டில் நிற்கிற அண்ணன்களுக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட்டில் டிப்ளமோ படிக்கும் ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருந்தாள். தர சோதனை மேஜை இழுப்பறையில் கிடந்த, அந்தப் பவுடரைப் பற்றிய ஆங்கிலத் தாள் ஒன்றை எடுத்து வந்து, "அக்கா, கையைக் காட்டுங்க" என்றாள். ஆன்டிமணித் தூசி வியர்வைச் சுரப்பியைச் சுற்றிப் படிந்தால் இப்படிக் குரு வரும், வெயில் காலத்தில்தான் அதிகம், வேலையை விட்டு விலகினால் தானாக ஆறிவிடும் என்று விளக்கினாள். என் கையைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. அந்தத் தாள் இழுப்பறையில் எத்தனை வருடமாகக் கிடந்ததோ. எங்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்த மேஜைக்குப் போவதில்லை, அந்த மேஜையில் இருந்தவர்கள் எடை அறைக்குள் வருவதில்லை.

தோல் குரு சின்ன விஷயம். அவள் சொன்ன மற்றதுதான் பெரியது. வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் தங்கும், நெஞ்சு எக்ஸ்ரேயில் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். எலிகளை இரண்டு வருடம் இந்தத் தூசியைச் சுவாசிக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் நுரையீரலில் கட்டிகள் வந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல் இதை "புற்றுநோய் வர வாய்ப்புண்டு" என்ற வரிசையில் வைத்திருந்தது. 2022இல் கூடிய அதன் நிபுணர் குழு இந்த வகை ஆன்டிமணியை ஒரு படி மேலே, "பெரும்பாலும் வரக்கூடும்" என்ற வரிசைக்கு ஏற்றிவிட்டது. நானாக எதையும் மிகைப்படுத்தவில்லை. எனக்குப் புற்றுநோய் இல்லை, படியேறினால் இரைக்கிறது, அவ்வளவுதான். அதற்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

17 வருடம் தராசோடு வாழ்ந்தவள் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்கத் தொழிலிடங்களில் ஒரு கன மீட்டர் காற்றில் ஆன்டிமணி அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்ட வரம்பு. எங்கள் எடை அறை 20க்கு 20 அடி, உயரம் 12. அந்த அறை முழுதும் வரம்பைத் தொட எவ்வளவு பவுடர் காற்றில் மிதந்தால் போதும் தெரியுமா? 0.1 கிராம்கூட வேண்டாம். ஒரு குன்றிமணி எடைக்கும் குறைவு. நாங்கள் பை மடிக்கும்போது எழும்பியது குன்றிமணி அளவா, கைப்பிடி அளவா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. விஷயம் காதுக்குப் போனதும் கூரையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கொடுத்தார். அதுதான் தப்பாகப் போனது. அந்தப் பெண் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பவுடரைக் கொட்டிக் கலக்கும் மிக்ஸர் மெஷினின் வாய் ஓரத்தில் பிடித்தாள். புகை நேரே மேலேறி, குனிந்து நின்ற என் முகத்தைத் தடவிக்கொண்டுதான் ஃபேனுக்குப் போனது. மேலே இருந்து இழுத்தால் தூசி போகிற வழியில் நம் மூக்கு இருக்கிறது. பிறகு மிக்ஸர் வாய்க்குப் பின்பக்கம், விளிம்போடு விளிம்பாகத் தகரத்தில் ஒரு கூண்டு அடித்துக் குழாய் கொடுத்தோம். ஊதுபத்திப் புகை இந்தத் தடவை என்னை விட்டு விலகி, படுத்துக்கொண்டே உள்ளே போனது. குழாயின் மறுமுனையில் துணி வடிகட்டி போடச் செய்தாள், இல்லாவிட்டால் பின்சந்தில் இருக்கும் டீக்கடைக்கு அல்லவா போய்ச் சேரும்! காலிப் பையையும் அந்தக் கூண்டின் முன்னால் வைத்தே சுருட்டி, பெரிய பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டுவது என்று வைத்துக்கொண்டோம். விளக்குமாறு நின்றது, ஈரத்துணி வந்தது. ஷிப்டு முடிந்து ஏர் பைப்பால் உடம்பை ஊதிக்கொள்வதும் நின்றது. முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்தூசிக்குச் சல்லடை மாதிரிதான், ஐ.எஸ். 9473 என்று அச்சிட்ட, முகத்தோடு படிகிற மாஸ்க்தான் வேண்டும். வேலைச் சேலையை அங்கேயே மாற்றிவிட்டுக் கை, முகம் கழுவித்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். அடுத்த சித்திரையில் எனக்குக் குரு வரவில்லை.

இவ்வளவும் பவுடரை வைத்துக்கொண்டு செய்யும் பாடு. இதே பொருள் குருணையாகவும் கிடைக்கிறது. நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு ஆன்டிமணியைப் பிசினில் கட்டி அரிசி போல் வெட்டியிருப்பார்கள், எண்ணெயில் குழைத்த பசையாகவும் வருகிறது. அள்ளினால் பறக்காது. விலை கூட என்றுதான் சிறு யூனிட்டுகள் தொடுவதில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு ஆன்டிமணி விலை பெருமளவு ஏறியது. கூரையிலும் ஜன்னலிலும் எங்கள் நெஞ்சிலும் படிகிற ஒவ்வொரு கிராமும் இன்று காசு. இந்தக் கணக்கை முதலாளிகள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். போபாலுக்குப் பிறகு, 1987இல், தன் உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். பொருளின் பெயரே தெரியாதவள் எதைக் கேட்பாள்? பையின் மேலேயே தமிழில் நாலு வரி இருக்க வேண்டும். இப்போது மிக்ஸரில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார் பிள்ளைகள். எனவே ஒடியாவிலும் இந்தியிலும் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று இருந்ததை 2020இல் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு 20 பேர் என்று ஆக்கியிருக்கிறது. நாங்கள் 14 பேர். தூசி தலை எண்ணிப் பார்த்தா உள்ளே போகும்? சிறு யூனிட்டுகளுக்கும் வருடம் ஒருமுறை காற்றை அளந்து, நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்ய ஏற்பாடு வேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டர்கள் தோல் குருவோடு வருகிறவர்களிடம் "என்ன வேலை செய்யறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், பாதி தெரிந்துவிடும்.

அந்தப் பெண் பயிற்சி முடிந்து போகும்போது, ஆங்கிலத் தாளில் இருந்ததைப் பெரிய எழுத்தில் சார்ட் பேப்பரில் தமிழில் எழுதி எடை அறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். வேலையை விட்டு வரும்போது நான் அதைப் பார்த்து ஒரு பக்கத் தாளில் நகல் எழுதிக்கொண்டேன். இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் அதையும் வெளியிடுங்கள், வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை.
(என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)