மீன் படம் வந்தது

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பொங்கலுக்குப் பேசவில்லை, தைப்பூசத்துக்கும் பேசவில்லை, மீன் மட்டும் வந்தது. இருக்கட்டும். சூரை 212 பவுண்டு என்று எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 96 கிலோ. நாலு செம்பனைக் குலை எடை! காப்பிக் கடையில் எல்லாரிடமும் காட்டினேன். 200 பவுண்டைத் தாண்டினால் அங்கே அதைப் பசு என்பார்கள் என்று சொன்னதும் தோட்டத்து வேலையை மேற்பார்த்த பழைய தண்டல் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

சான் டியாகோவிலிருந்து மெக்சிகோ கடலுக்கு 16 நாள். அதற்கு லீவு கிடைக்கிறது, ஊருக்கு வர நாலு நாள் கிடைக்கவில்லை. சரி, கடலில் கவனமாக இரு. உயிர் இரையைப் போட்டு 130 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் பிடிப்பதாகச் சொன்னாய். மீன் இழுக்கும் பக்கமெல்லாம் படகு ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஆகும், கடைசியில் படகுக்கு அடியில் வட்டம் போடும், அங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள் என்றாய். அந்த நேரத்தில் நரம்பைக் கையில் சுற்றாதே. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டு. பசியாறாமல் நிற்காதே. நரம்பைக் கையில் சுற்றாதே.

படத்தில் விரலில் மோதிரம் இல்லை. மீன் பிடிக்கும்போது கழற்றி வைப்பது நல்லதுதான், மாட்டிக்கொண்டால் விரலே போய்விடும். மோதிரம் இருந்த தடம்கூட வெயிலில் கறுத்துவிட்டது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். "மெலிஞ்சிட்டான்" என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவ்வளவு மீனையும் கரையில் வெட்டிப் பொட்டலம் கட்டித் தருவார்களாமே, இரண்டு பேருக்கு எத்தனை மாதம் வரும்? மருமகள் புளி கரைத்து நன்றாக வைப்பாள். அம்மா கேட்டதாகச் சொல்.

ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் உன்னைப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கு விரால் பிடிக்கக் கூட்டிப் போவேனே, மீன் ஆசையில்தான் போனேன் என்று நினைத்திருப்பாய். அம்மா ஏதாவது கேட்டு, எனக்குப் பதில் சொல்ல வாய் வராத நாளில்தான் தூண்டிலை எடுப்பேன். கூட்டுப் பணத்தை, அதுதான் சீட்டுப் பணத்தை, நான் எடுத்துச் செலவழித்த வருடம் வாரத்துக்கு மூன்று நாள் போனோம். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல், நல்ல மழை. இரவு பத்து மணி வரை உன்னையும் உட்கார வைத்தேன். நீ குடைக்குள்ளேயே தூங்கிவிட்டாய். இரண்டு விராலோடு வந்தேன். அவள் எழுந்து, அந்த நேரத்தில், சாம்பல் போட்டுத் தேய்த்து வெட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கை வரை சாம்பல், கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம்தான் அவளிடம் பணத்தைப் பற்றிச் சொன்னேன். "தெரியும்" என்றாள். முப்பது வருடம் தெரிந்தே இருந்திருக்கிறாள். நீ அந்தக் குட்டைக் கரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவன். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, தம்பி.

இங்கே ஞாயிறு காலை 10 மணி என்றால் உனக்குச் சனி மாலை 6. போன் பக்கத்திலேயே இருப்போம். மருமகள் வீட்டில் இருந்தால் அவளிடமும் பேசுகிறோம். இல்லாவிட்டாலும் கூப்பிடு.

அப்பா