சின்னவன் விஷயமாக, தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரல் பதிவு போட்டால் நீ ஜொகூர் பாலத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டே கேட்பாய், பாதி காதில் விழாது, மீதியை சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து தட்டுகிறேன். சாவகாசமாகப் படி, மருமகளுக்கும் காட்டு.

உன் பையன் சின்னவனை ஜிம்னாஸ்டிக் வகுப்பில் போடலாமா, வாரத்துக்கு ஒரு மணி நேரம், மாதம் இருநூறு வெள்ளி என்று கேட்டிருந்தாய். போடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற ஆறு நாளும் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் என் கவலை. காலையில் காரில் ஏற்றிப் பாலர் பள்ளி, மதியம் வேன், பிள்ளை பார்க்கிற அக்கா வீட்டில் டிவி, சாயங்காலம் மறுபடியும் கார், ராத்திரி சோறு இறங்குவதற்குக் கைப்பேசி. சனி ஞாயிறு பேரங்காடிக்குப் போனால் அங்கேயும் நாலு வயசுப் பையனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளுகிறீர்கள். போன பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்தபோது கவனித்தேன், கோயில் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறான். இந்த வயசில் கால் மாற்றி மாற்றி இறங்க வேண்டும், ஒற்றைக் காலில் நொண்டியடிக்க வேண்டும், தரையில் தட்டி எழும்புகிற பந்தைப் பெரும்பாலும் பிடிக்க வேண்டும். அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை தம்பி, பழக்கம்தான் இல்லை. வயசானால் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடாதே, செய்து செய்துதான் வரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, தள்ளுவண்டியிலோ கார் இருக்கையிலோ ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது, தூக்கம் 10-இலிருந்து 13 மணி நேரம். 180 நிமிடம் என்றதும் மலைத்துப் போகாதே, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் போதும், கடைக்கு நடப்பதும் கணக்குத்தான். ஆனால் உன் வகுப்பு தரப்போவது வாரத்துக்கு 60 நிமிடம், நீயே கூட்டிக் கழித்துப் பார்.

பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்பாய். நானும் பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தவள்தானே. அரசாங்கப் பாலர் பள்ளி வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள், ஒரு டீச்சர், ஓர் உதவியாளர், ஒரு நாளைக்கு 4 மணி நேரம். அதற்குள் எழுத்து, எண், பாட்டு, சாப்பாடு, கை கழுவ வரிசை, ஒருவன் அழுவான், இன்னொருவன் கால்சட்டையை நனைத்துவிடுவான். திடலுக்கு இறங்கினால் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிசு, மழை பிடித்தால் அதுவும் போச்சு. சட்டை அழுக்காகிறது என்று சண்டைக்கு வந்த அம்மாக்களும் உண்டு. கூட்டத்துக்கு வருகிற பெற்றோர் எல்லாரும் "படிக்கிறானா, எழுதுகிறானா" என்றுதான் கேட்பார்கள், ஓடுகிறானா என்று ஒருவராவது கேட்க வேண்டுமே.

பழைய பாத்தேக் கைலியை வெட்டிப் பச்சைப்பயறு போட்டுச் சின்னச் சின்னத் துணிப்பைகள் தைத்து வைத்திருந்தேன், எறிந்து பிடித்து விளையாட. (மழைக்காலத்தில் வண்டு வைத்துவிடும், பிரித்துக் கொட்டி மறுபடியும் தைக்க வேண்டும்.) செம்பனை லாரி ஓட்டுகிற ஒருவருடைய மகன் அந்தப் பையைத் தொடவே மாட்டான், டீச்சர் கையில் வைத்தாலும் கீழே போட்டுவிட்டு என் சேலைக்குப் பின்னால் நிற்பான். ஒரு நாள் கூட்டிப்போக வந்த அவன் அப்பாவிடம் நான்தான் ஒரு பையை நீட்டினேன். அந்த மனுஷன் காலில் சேற்று பூட்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றபடியே பையனைப் பார்த்துத் தூக்கிப் போட்டார், அது பையன் நெஞ்சில் பட்டு விழுந்தது, குனிந்து எடுத்துத் திருப்பி எறிந்தான் பார், டீச்சர் வாயைப் பிளந்துவிட்டார். அப்புறம் தினமும் அப்பா தலை தெரிந்ததும் பையைத் தேடி ஓடுவான். நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய துண்டுச் சீட்டு எதுவும் இப்படி வேலை செய்ததில்லை. பெற்றோரைக் கேட்டுக்குள் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கூடவே ஆட விட்டதுதான் பலன் கொடுத்தது, பையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதும்தான்.

சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பள்ளி டீச்சர் கொடுத்தனுப்பிய விளையாட்டு அட்டவணையை மருமகள் எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஏழு நாளைக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வில் சரி போட்டிருக்கிறாய். ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து மொத்தமாகப் போட்டது என்று அம்மாவுக்குத் தெரியாதா, இந்த மாதிரித் தாள் எத்தனை பார்த்திருக்கிறேன்!

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகள் எப்படி ஓடியாடின என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை, உன் அப்பா சொல்லட்டும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விடுகிற ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தூளி கட்டி ஆட்டிவிட்டுப் பால் வெட்டப் போனவர்கள்தான் நாங்கள், யாரும் உங்களோடு உட்கார்ந்து விளையாடவில்லை. ஆனால் நடை பழகினதும் லயத்து வாசலில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், கார் வராது, பார்க்க ஏதாவது ஒரு பாட்டி இருப்பார். சின்னவனுக்குப் பதினாலாவது மாடியில் யார் இருக்கிறார்கள்? நீயும் மருமகளும்தான். நீங்கள் கூட்டிப் போகாமல் அவன் தானாகக் கீழே இறங்க முடியாது.

விடியுமுன் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவனிடம் இதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அதனால் உன்னால் முடிகிறதை மட்டும் சொல்கிறேன். வாரநாளில் பதினைந்து நிமிடம் போதும், காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி வாளியில் போடச் சொல், நீ தவறவிட்டால் அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்துத் தடவை எறிவான். தரையில் டேப் ஒட்டி நொண்டிக் கட்டம் போடு. மின்தூக்கியில் இரண்டு மாடி முன்னாடியே இறங்கி மீதியைப் படியில் ஏறுங்கள். மூச்சு வாங்குகிற விளையாட்டைத் தூங்கப் போகிற நேரத்தில் வைத்துக்கொள்ளாதே, அப்புறம் பதினொரு மணி வரை குதித்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் கீழே கொசு என்று மருமகள் சொல்வதும் நியாயம்தான், டெங்கி பரப்புகிற ஏடிஸ் கொசு விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும்தான் அதிகம் கடிக்கும், நீளக் கால்சட்டை போட்டுவிட்டு மருந்து தடவி அனுப்பச் சொல். ஞாயிறு வெயில் ஏறுவதற்குள் திடலுக்குப் போய்விடுங்கள். நீ பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டு "போ, ஓடு" என்றால் அவன் ஓட மாட்டான், நீயும் ஓட வேண்டும்.

உனக்கும் அது நல்லதுதான், வயிற்றைப் பார்த்தேன். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் நம் மலேசிய நாட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள், நம் இந்தியர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது, உனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவரோ பேரன் வந்தால் மோட்டாரில் முன்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவதைத்தான் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

துணிப்பை ஆறு தைத்து அஞ்சலில் போட்டிருக்கிறேன், பயறுதான் உள்ளே, தண்ணீர் படக் கூடாது, கிழிந்தால் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டி சனிக்கிழமை என்று மருமகள் சொன்னாள், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடுகிற ஓட்டம் ஒன்று இருக்கிறதாம். அந்தச் சனிக்கிழமை ஓ.டி. வேலை எடுக்காதே. லீவு சொல்லிவிட்டாயா இல்லையா என்று இன்று ராத்திரியே பதில் போடு.

அம்மா