பூட்டு போட்டால் மட்டும் போதாது, செல்வி

திருநெல்வேலி

அன்புள்ள செல்விக்கு,

இங்கே இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது.

முகிலுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, பூட்டெல்லாம் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை என்று சொன்னாய். சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

பூட்டு நல்லதுதான். யூடியூப் கிட்ஸில் 5 முதல் 8 வயதுக்கான பிரிவோடு நிறுத்தாதே. நீ பார்த்து ஒப்புக்கொண்ட வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கவும் அதில் வழி உண்டு. அப்படி வைத்தால் அவனால் எதையும் தேட முடியாது. உன் சம்மதமில்லாமல் புதிய செயலி இறங்காதபடி கூகுள் ஃபேமிலி லிங்க்கில் செய்துவிடலாம். ஒரு சாயங்கால வேலை.

எனக்குப் பயம் விளையாட்டுகளுக்குள் இருக்கும் அரட்டையைப் பற்றித்தான். அங்கே கெட்டவன் மிரட்டிக்கொண்டு வருவதில்லை. "நன்றாக விளையாடுகிறாயே" என்பான். விளையாட்டுக்கு வேண்டிய வைரமோ நாணயமோ சும்மா தருகிறேன் என்பான். பிறகு எந்தப் பள்ளி என்று கேட்பான், வேறொரு செயலிக்கு வரச் சொல்வான், அம்மாவிடம் சொல்லாதே என்பான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கிப் பயமுறுத்த வேண்டாம். "அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் உடனே வந்து என்னிடம் சொல்" என்று பழக்கு. சொன்னவர் மாமாவாக இருந்தாலும் சரி, வாத்தியாராக இருந்தாலும் சரி.

அவன் சொல்ல வேண்டுமானால் சொன்னதற்குத் தண்டனை இருக்கக் கூடாது. போன மாதம் ஏதோ அசிங்கமான விளம்பரம் வந்தது என்று அவனே கொண்டுவந்து காட்டினானாம், மாப்பிள்ளை சத்தம் போட்டு டேப்லெட்டைப் பிடுங்கி வைத்தாராம். பிள்ளை என்ன தப்பு செய்தான்? அடுத்த முறை திரையை மறைத்துக்கொள்வான், அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னால் மாமியார் பேச்சாகிவிடும்.

பள்ளிக்காரர்களையும் விடாதே. ஆண்டு விழா வீடியோவைச் சீருடை, பெயர், வகுப்புப் பிரிவு எல்லாம் தெரியும்படி ஊரே பார்க்கும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் எதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டாய் என்று எடுத்துப் படி. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கேள். படங்களைப் போட யார் அனுமதிக்கிறார்கள்? பிள்ளை ஒரு புகார் சொன்னால் எந்த ஆசிரியர் கேட்பார்? தனியாகக் கேட்டால் சண்டைக்காரி என்பார்கள், இன்னும் இரண்டு அம்மாக்களைச் சேர்த்துக்கொள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது இழுத்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை நினைவூட்டு. தன் கீழ் வேலை செய்பவர் பிள்ளைக்குப் பாலியல் தொல்லை கொடுத்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தால், நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

கேட்கப் போகும் முன், முகிலின் அடையாள அட்டை பளிச்சென்று தெரிய நீ இன்ஸ்டாகிராமில் போட்ட பள்ளி முதல் நாள் படத்தை எடுத்துவிடு. உன் கணக்கும் திறந்தேதான் கிடக்கிறது.

குழந்தைகள் உதவி எண் 1098. இணையத்தில் பணம் பறிபோனால் 1930. இரண்டையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வை. ஏதாவது நடந்தால் வந்த செய்திகளைப் பதற்றத்தில் அழித்துவிடாதே, உறவினர் குழுவுக்கு அனுப்பி நியாயமும் கேட்காதே. போலீசுக்கு அவைதான் சாட்சி.

கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். தலைமையாசிரியை மழுப்பினால் எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும், மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா