லேப்டாப் கடைக்கார அண்ணன்களுக்கு, விக்கிறதுக்கு முன்னாடி மூணே விஷயம் சொல்லிடுங்க

கடலூர்லயும் பாண்டிலயும் லேப்டாப் கடை வச்சிருக்கிற அண்ணன்களுக்கும், கவுன்டர்ல நின்னு விக்கிற தம்பிங்களுக்கும் வணக்கம்.

நான் பழைய டவுன்ல இருக்கேன், பாண்டியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, அதோட எங்க தெரு மகளிர் குழுவுக்கும் நான்தான் கணக்கு எழுதுறேன். 2023 ஜூன்ல 19,500 ரூபா குடுத்து ஒரு சின்ன லேப்டாப் வாங்கினேன், செலரான் என்4020 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், யாரையும் மாட்டிவிட இதை எழுதல, எல்லாக் கடைக்கும் சேத்துதான் எழுதுறேன்.

முதல்ல அதோட நல்லதை சொல்லிடுறேன். தினம் காலையில கடலூர்லேந்து பஸ்ஸு, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டுற வரைக்கும் பாதி நாள் நின்னுக்கிட்டுதான் போவேன், தோள்ல சாப்பாட்டுப் பையோட சேந்து தொங்குற லேப்டாப் ஒன்னே கால் கிலோவா ரெண்டே கால் கிலோவான்னு என் தோளுக்குத்தான் தெரியும். அந்த செலரான் வெறும் 6 வாட் சிப்பு, அதனால இதுல ஃபேனே இல்ல, சத்தமும் இல்ல, சூடும் பெருசா இல்ல, பேட்டரி நல்லா நிக்குது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் முடிஞ்ச கையோட சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர்ல எத்தனையோ பேர் வீட்டுக்குள்ள புகுந்துச்சே, அப்ப எங்க தெருவுல கரண்டே இல்ல, குழுவுல யார் யார் வீட்டுல என்னென்ன போச்சுன்னு எக்ஸெல்ல லிஸ்ட் அடிச்சு போன் ஹாட்ஸ்பாட்ல அனுப்புனது இந்த மெஷின்லதான், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் தாங்குச்சு. அதனால விலை கம்மியான லேப்டாப்னாலே குப்பைன்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன்.

ஆனா வாங்குன அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லாதது மூணு இருக்கு.

ஒன்னு அந்த 64 ஜிபி. விண்டோஸ்ல தொறந்து பாத்தா 60 கூட காட்டாது, அதுலயும் விண்டோஸே பாதிய எடுத்துக்கும். அது எஸ்எஸ்டிங்கிற வேகமான டிஸ்க் இல்ல, இஎம்எம்சி, மெமரி கார்டு மாதிரி ஒரு சிப்பு, போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், கழட்டி பெருசு மாத்த முடியாது. சாட்டாங்கிற சாதாரண வகை எஸ்எஸ்டியே செகண்டுக்கு 500 எம்பி அளவுக்குப் படிக்கும், இஎம்எம்சி அதிகபட்சமே 400 எம்பி, நிஜத்துல அதுக்கும் கம்மிதான் வரும். ஒரு நாள் அப்டேட் வந்துச்சு, இடம் பத்தல பென்டிரைவ் சொருகுங்கன்னு கேட்டுச்சு, அன்னிக்கு ஜிஎஸ்டி கடைசி தேதி, ரிட்டன் போட உக்காந்த நான் முக்கா மணி நேரம் குழுவோட பழைய போட்டோவ ஒவ்வொன்னா அழிச்சிக்கிட்டு இருந்தேன், அதுல பாதி திரும்பக் கெடைக்காது.

ரெண்டாவது ரேம். விண்டோஸ் 11 போடவே குறைஞ்சது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேணும், அப்ப என் மெஷின் 35 மார்க் வாங்கி பாஸ் ஆனது மாதிரி. குரோம்ல பேங்க் பக்கம் ஒன்னு, ஜிஎஸ்டி பக்கம் ஒன்னு, கூட வாட்ஸப் வெப், அவ்வளவுதான், எழுத்து அடிச்சா ரெண்டு செகண்ட் கழிச்சு வந்துச்சு. சரி இன்னொரு 4 ஜிபி போட்டுக்கலாம்னு தொறந்து பாத்தா ஸ்லாட்டே இல்ல.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், எஸ் மோடு, விண்டோஸ்லயே போட்டு வர்ற ஒரு பூட்டு மாதிரி. குழு தீர்மானம் தமிழ்ல அடிக்க என்எச்எம் ரைட்டர் போடப் போனேன், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருக்குற ஆப் மட்டும்தான் போட முடியும்னு நின்னுடுச்சு, குரோமும் அப்படித்தான், ஆபீஸ் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனோட டிரைவரும் அப்படித்தான். வாங்குன கடைக்கே எடுத்துட்டு ஓடினா ஃபார்மேட் பண்ணணும்னு 500 ரூபா வாங்கிட்டாங்க. அப்பறம்தான் தெரிஞ்சுது, செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் போயி ஸ்டோர் வழியா எஸ் மோட விட்டு வெளிய வர்றதுக்கு மைக்ரோசாஃப்ட் காசே வாங்குறதில்ல, ஒரே விஷயம் வெளிய வந்தா திரும்பப் போக முடியாது, நமக்கு அது வேணவும் வேணாம். (தமிழ் 99 கீபோர்டு விண்டோஸ்லயே இருக்குது, லாங்குவேஜ்ல சேத்துக்கலாம், அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நெறைய பேருக்குத் தெரியல.)

அண்ணே, அன்னிக்கே கவுன்டர்ல இருந்த தம்பி "அக்கா, இன்னும் அஞ்சாயிரம் போட்டா 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி வரும், அஞ்சாறு வருஷம் ஓடும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குழுவுல கடன் வாங்கியாவது அதை எடுத்திருப்பேன். படம் பாக்க, ரெஸ்யூம் அடிக்க, ஆன்லைன் அப்ளிகேஷன் போட மட்டும்தான் வேணும்னு வர்றவங்களுக்கு என்னோடது மாதிரி தாராளமா குடுங்க, இப்ப நான் அதுலயே விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டு வச்சிருக்கேன், 4 ஜிபிக்கு அது நிம்மதியா ஓடுது. என்ன வேலைக்குன்னு கேட்டுட்டுக் குடுங்க, அதான்.

டிஸ்ப்ளேல வச்சிருக்கிற மெஷின் பக்கத்துல ஒரு அட்டையில தமிழ்ல மூணு வரி எழுதி வைங்க, இஎம்எம்சியா எஸ்எஸ்டியா, ரேம் ஏத்த முடியுமா முடியாதா, எஸ் மோடு இருக்கா. மார்க்கர் பேனா போதும். வர்ற வருஷம் என் தங்கச்சி பொண்ணு காலேஜ் சேருறா, அவளைக் கூட்டிக்கிட்டு உங்க கடைங்களுக்குத்தான் வருவேன், அந்த அட்டை எந்தக் கடையில இருக்கோ அங்கதான் வாங்குவோம்.

இப்படிக்கு,
கடலூர் பழைய டவுன்லேந்து உங்க கஸ்டமர் ஒருத்தி