கோவை டு பிராங்க்பர்ட் 9 மணி நேரமா? டிராவல்ஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, கரூர் டிராவல்ஸ்காரர்களுக்கு வணக்கமுங்க.

ஜனவரி வந்தால் கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர்கள் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு ஜெர்மனியில் இருக்கும் பிராங்க்பர்ட் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்து உங்கள் விளம்பரங்களும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். ‘கோவை டு பிராங்க்பர்ட், 7,500 கி.மீ., 9 மணி நேரம்’. தூரம் சரிதான். நேரம்தான் இடிக்கிறது.

கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேர் விமானமே கிடையாதுங்க. 7,500 என்பது உருண்டை பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்த மிகக் குறுகிய கோடு. அதை மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்து 9 போட்டுவிடுகிறீர்கள். அந்தக் கோட்டில் பறக்க யாரும் டிக்கெட் விற்கவில்லையே!

டெல்லி வழியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை – டெல்லி சுமார் 1,950 கி.மீ., அங்கிருந்து பிராங்க்பர்ட் 6,100 சொச்சம். நேர்க்கோட்டைவிட ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர்தான் கூடுதல். பறக்கிற கணக்கில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, காத்திருப்பு. டெல்லிக்கு மூன்று மணி நேரம், அங்கே இமிக்ரேஷனும் காத்திருப்புமாக நான்கு, அப்புறம் ஒன்பது. ஆக 16. கரூரிலிருந்து கார் ஏறி, விமான நிலையத்தில் முன்கூட்டியே போய் நிற்பதையும் சேர்த்தால் 20 தாண்டிவிடும். அன்று மாலையே சரக்கு வாங்கும் பையருடன் சந்திப்பு வைத்துக்கொண்டவர் கதி என்ன?

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்தும் ஏமாறுகிறார்கள். மதியம் 1 மணிக்கு டெல்லியில் ஏறி மாலை 5.30க்கு இறங்குவது நாலரை மணி நேரப் பயணம் இல்லை. ஜனவரியில் ஜெர்மனி கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் பலத்த காற்று குளிர்காலத்தில் இன்னும் வேகமெடுக்கும். அதனால் போகும்போது ஆகிற நேரம் திரும்பும்போது ஆகாது. இரண்டுக்கும் ஒரே எண்ணை அச்சடிக்காதீர்கள்.

திரும்பி வருவதில் நீங்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. கோவை வரைக்கும் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், பொதுவாக டெல்லியில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். பெட்ஷீட்டும் கிச்சன் டவலுமாக சாம்பிள் மூட்டை தூக்குகிறவருக்கு ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டுத் தருவது அநியாயமுங்க. காசு மிச்சம் என்று தனித்தனி டிக்கெட்டாகப் போட்டுக் கொடுத்தால் இன்னும் மோசம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததன் பணம் போனது போனதுதான்.

ஆகவே, வீட்டிலிருந்து ஹோட்டல் வரை ஆகும் மொத்த மணி நேரத்தை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். கிலோமீட்டர் வேண்டுமென்றால் கீழே சின்னதாக இருக்கட்டும். கரூர்க்காரர்களிடம் திருச்சி வழியையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோவையைவிட அது கிட்டம்.

இப்படிக்கு,
கரூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் டிக்கெட் வேலை பார்ப்பவன்